எடை குறைந்த துப்பாக்கி ஏன் இப்படி உதைக்கிறது?

பறவை வேட்டைக்கென்று முதல் துப்பாக்கி வாங்கப் போகிறவர் கடையில் செய்கிற முதல் வேலை, அதைக் கையில் தூக்கிப் பார்ப்பது. 3.6 கிலோ துப்பாக்கியைத் தூக்கிவிட்டு 2.7 கிலோ துப்பாக்கியைத் தூக்கினால் மனசு உடனே இரண்டாவதன் பக்கம் சாய்ந்துவிடும். அதில் தப்பே இல்லை. நாள் முழுக்கச் சுமக்கப் போவது அதைத்தானே. சிக்கல் அடுத்த நிமிடத்தில் வருகிறது. அதே கடையில், "கினிக்கோழிக்குப் போறோம், நல்ல பலமான தோட்டாவா குடுங்க" என்று கேட்டு, 36 கிராம் ஈயம் அடைத்த பெட்டியையும் வாங்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். மறுவாரம் தோள் கன்றி, கன்னம் வீங்கி, "இந்தத் துப்பாக்கி சரியில்லை, ரொம்ப உதைக்குது" என்று பேச்சு வருகிறது.

துப்பாக்கி சரியாகத்தான் இருக்கிறது. அதற்குள் போட்ட தோட்டாதான் அதற்கு ஒவ்வாதது. எடை குறைந்த துப்பாக்கியை எடுத்தால் எடை குறைந்த தோட்டாவைப் போட வேண்டும். கட்டையின் (தோளிலும் கன்னத்திலும் பதியும் பின்பகுதியின்) நீளம், ரப்பர் மெத்தை, நிற்கும் விதம் எல்லாம் முக்கியம்தான், ஆனால் அவை இதற்கு அப்புறம். தென்னாப்பிரிக்காவின் டோங்காட், வெருலம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் நம் குடும்பங்களில் புதிதாக வேட்டைக்கு வருகிற பிள்ளைகள் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் முதல் பருவத்திலேயே பாதி வலி மிச்சம்.

ஏன் எடை குறைந்ததைத் தேடுகிறோம்

குவாசூலு-நட்டாலில் நடந்து போய்ச் சுடும் பறவைகளில் முதலிடம் கினிக்கோழிக்கு. மிட்லண்ட்ஸில் மீலி எனப்படும் மக்காச்சோளம் அறுத்த வயல்களிலும், கடற்கரைப் பக்கம் கரும்புத் தோட்ட ஓரங்களிலும் கூட்டமாக மேயும். ஜூலுவில் இம்பாங்கெலே, ஆஃப்ரிகான்ஸில் டரன்டால். வளர்ந்த பறவை ஒன்றே கால் கிலோவைத் தாண்டும், இறகும் எலும்பும் கெட்டி. அடுத்து கௌதாரி இனங்கள். புதர் ஓரங்களில் நட்டால் கௌதாரி, டிராகன்ஸ்பெர்க் அடிவாரப் புல்வெளிகளில் செஞ்சிறகுக் கௌதாரி, இன்னும் மேலே மலைப்புல்லில் கிரேவிங் எனப்படும் சாம்பல்சிறகுக் கௌதாரி.

இவற்றைத் தேடிப் போவது என்றால் நடைதான். அண்டர்பெர்க் பக்கம் ஒரு குளிர்காலக் காலையில் உறைபனி படிந்த புல்லில் தொடங்கினால், பாயிண்டர் நாய் மோப்பம் பிடித்து நிற்கும்வரை மேடும் பள்ளமுமாக ஏறி இறங்க வேண்டும். பல மணி நேரம் நடந்து ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் தடவைகள்தான் சுடுவோம். அதனால் ஒவ்வொரு வெடியின் உதையையும்விட, இடைவிடாமல் கையில் தொங்கும் எடைதான் ஆளைக் களைக்க வைக்கும். களைத்த கை துப்பாக்கியைத் தாமதமாகத் தூக்கும். கௌதாரியோ காலடியில் இருந்து படபடவென்று எழும்பி, மூன்று நான்கு நொடிகளில் எட்டாத தூரம் போய்விடும். இந்தக் காரணங்களுக்காகத்தான் மலைநடைக்கு 2.5 முதல் 3 கிலோவுக்குள் இருக்கும் துப்பாக்கிகளைச் செய்கிறார்கள். நடுப்பகுதியை எஃகுக்குப் பதில் அலுமினியக் கலவையில் செய்வது, குழலைக் கொஞ்சம் குட்டையாக்குவது, கட்டையை உள்ளே குடைவது என்று எடையை இறக்குவதற்குப் பல வழிகள் உண்டு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

பள்ளிக்கூடத்தில் படித்த நியூட்டன் விதிதான். ஈய ரவைகள் குழலைவிட்டு முன்னால் பாயும்போது எவ்வளவு உந்தம் பெறுகின்றனவோ, அதே அளவு உந்தம் துப்பாக்கிக்குப் பின்பக்கமாகக் கிடைக்கிறது. இதை எந்தத் தொழிற்சாலையும் மாற்ற முடியாது. உந்தம் என்பது எடையையும் வேகத்தையும் பெருக்கி வருவது.

12 போர் துப்பாக்கியில் (போர் என்பது குழல் விட்டத்தின் அளவு, எண் கூடினால் குழல் சிறியது) 32 கிராம் ரவையுள்ள ஒரு தோட்டாவை எடுத்துக்கொள்வோம். குழல்வாயில் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 365 மீட்டர். ரவையோடு, அதற்கும் வெடிமருந்துக்கும் நடுவில் இருக்கும் வாட் எனப்படும் பிளாஸ்டிக் அடைப்பான் ஒரு 3 கிராம் வெளியே போகிறது. எரிந்த வெடிமருந்து ஒன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவு, அது வாயுவாக ரவையைவிட வேகமாக வெளியே பீறிடுகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் உந்தம் சுமார் 13.4 வரும்.

இதை 3.6 கிலோ துப்பாக்கியால் வகுத்தால், அது நொடிக்கு 3.7 மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது. ஆற்றல் கணக்கில் சுமார் 25 ஜூல். அதே தோட்டாவை 2.7 கிலோ துப்பாக்கியில் போட்டால் வேகம் 5 மீட்டர், ஆற்றல் 33 ஜூல். தோட்டா மாறவில்லை, துப்பாக்கியில் 900 கிராம் குறைந்தது, உதைப்பின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது.

இப்போது 2.7 கிலோ துப்பாக்கியை வைத்துக்கொண்டு தோட்டாவை மட்டும் மாற்றிப் பாருங்கள். 28 கிராம் ரவை, அதே வேகம்: 26 ஜூல். 24 கிராம்: 20 ஜூல். கடையில் "பலமான" என்று கேட்டு வாங்கிய 36 கிராம் ரவை நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் போனால் ஏறத்தாழ 50 ஜூல். 24 கிராமோடு ஒப்பிட்டால் இரண்டரை மடங்கு! துப்பாக்கி அதேதான், தோளும் அதேதான்.

இந்த எண்களில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு ஜோடி. 3.6 கிலோ துப்பாக்கியில் 32 கிராம் தோட்டா 25 ஜூல். 2.7 கிலோ துப்பாக்கியில் 28 கிராம் தோட்டா 26 ஜூல். அதாவது, ரவையில் 4 கிராமை விட்டுக்கொடுத்தால், கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையைச் சுமக்காமலேயே பெரிய துப்பாக்கியின் சுகம் கிடைத்துவிடுகிறது. 4 கிராம் என்பது எட்டில் ஒரு பங்கு ரவை. 35 மீட்டருக்குள் எழும்பும் கௌதாரிக்கு அந்த எட்டில் ஒரு பங்கு இல்லாததால் எந்தக் குறையும் வராது. கினிக்கோழிக்கும் 28 கிராமில் 5 அல்லது 6ஆம் எண் ரவை (எண் கூடினால் ரவை சிறியது) போதும், தூரத்தைப் பார்த்துச் சுட்டால்.

பழைய இங்கிலாந்துத் துப்பாக்கித் தச்சர்கள் இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள். ரவையின் எடையை 96ஆல் பெருக்கினால் துப்பாக்கியின் எடை வர வேண்டும். 28 கிராமுக்கு 2.69 கிலோ, 32 கிராமுக்கு 3.07 கிலோ, 36 கிராமுக்கு 3.46 கிலோ. கணக்கு இயந்திரம் எதுவும் இல்லாத காலத்துச் சூத்திரம், இன்றைக்கும் பொருந்துகிறது. துப்பாக்கியை வாங்கியதும் தராசில் வைத்து எடை பாருங்கள், கிராமில் வருவதை 96ஆல் வகுங்கள். வருகிற எண்தான் உங்கள் தோட்டா. அதைவிட இரண்டு கிராம் குறைந்தால் இன்னும் சுகம். கூடினால் அதற்கான விலையைத் தோள் கொடுக்கும்.

20 போர் என்றாலே உதைக்காது என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. மனைவிக்கும் பிள்ளைக்கும் "சின்னது வாங்கிக் கொடுப்போம்" என்று 20 போர் வாங்குகிறோம். குழலின் விட்டம் உதைப்பைத் தீர்மானிப்பதில்லை. 2.5 கிலோ 20 போரில் 28 கிராம் தோட்டாவைப் போட்டால், அதே 28 கிராமைச் சுடும் 2.7 கிலோ 12 போரைவிட அதிகமாகவே உதைக்கும். 20 போர் மென்மையாக இருப்பது அதில் 21 அல்லது 24 கிராம் போடும்போது மட்டும்தான். அதைவிடக் கொடுமை, பண்ணை வீட்டு மூலையில் கிடக்கும் ஒற்றைக்குழல் 12 போரைப் பையனிடம் கொடுத்துப் பழக்குவது. எடை இரண்டரை கிலோ இருந்தால் அதிகம், அடியில் ரப்பர்கூட இருக்காது, கடினப் பிளாஸ்டிக் தகடுதான். முதல் வெடியிலேயே அந்தப் பிள்ளைக்குத் துப்பாக்கி என்றால் பயம் ஏறிவிடும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

ஜூல் ஒன்று, வலி வேறு

ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா. அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை, தம்பிக்குத் தோள் நீலம் பாரித்துவிட்டது. கணக்கில் வரும் ஆற்றல் இருவருக்கும் சமம். ஆனால் அது உடம்பில் எவ்வளவு நேரத்தில், எவ்வளவு பரப்பில், எந்தத் திசையில் இறங்குகிறது என்பதில்தான் வலி இருக்கிறது.

நேரத்தை முதலில் பார்ப்போம். டர்பனின் கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்தில் வேகமாக வரும் பந்தைப் பிடிக்கிறவர் கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்பதில்லை, பந்தோடு கையைப் பின்னுக்கு இழுக்கிறார். பந்தின் வேகம் குறையவில்லை, நிற்க எடுக்கும் நேரம் கூடியது, உள்ளங்கை தப்பித்தது. கட்டையின் அடியில் இருக்கும் நல்ல ரப்பர் மெத்தையும் இதைத்தான் செய்கிறது. அமுங்க அமுங்க, அடி ஒரே இடியாக இறங்காமல் ஒரு தள்ளலாக மாறுகிறது. விரலால் அழுத்தினால் அமுங்காத பழைய, கெட்டிப்பட்ட மெத்தை இருந்தும் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

வாயுவின் ஒரு பகுதியை எடுத்து இயங்கி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி-ஆட்டோ துப்பாக்கி மென்மையாக இருப்பதற்கும் இதுவே காரணம். அதன் உள்பாகங்கள் பின்னால் நகர்ந்து நிற்பதில் உதைப்பு நீட்டப்படுகிறது. ஆனால் நம் நாட்டில் புதியவருக்கு அது எளிதில் கிடைக்காது. 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவில், எப்போதாவது வேட்டைக்குப் போகிறவருக்கான உரிமம் செமி-ஆட்டோவுக்குக் கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தில் சேர்ந்து டெடிகேட்டட் (தொடர்ந்து வேட்டையாடுகிறவர் என்ற) தகுதி பெற்ற பிறகு 16ஆம் பிரிவில்தான் கேட்க முடியும். ஆகவே பெரும்பாலோருக்கு முதல் துப்பாக்கி மேல்-கீழ் இரட்டைக்குழல் அல்லது பக்கவாட்டு இரட்டைக்குழல். இரண்டிலும் உதைப்பை இழுத்து நீட்ட எந்த இயந்திரமும் இல்லை. அதனால் தோட்டாவும் பொருத்தமும்தான் நமக்குத் துணை.

திசை விஷயம் இன்னும் சுவாரசியமானது. குழல் மேலே, தோள் அதற்குக் கீழே. உதை நேராகப் பின்னால் வந்தாலும், தோள் தாழ இருப்பதால் குழல்வாய் மேலே எகிறும், கட்டையின் மேல்விளிம்பு கன்னத்தில் அறையும். மேல்-கீழ் இரட்டைக்குழலில் கீழ்க்குழலை முதலில் சுடச் சொல்வது இதற்காகத்தான். கீழ்க்குழல் தோளின் கோட்டுக்கு அருகில் இருப்பதால் எகிறல் குறைவு, இரண்டாவது வெடிக்குச் சீக்கிரம் தயாராகலாம்.

காயத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்

உதைப்பு விட்டுச் செல்லும் தடம் ஒவ்வொன்றும் ஒரு செய்தி சொல்லும். புதியவர் ஒருவர் களிமண் தட்டுப் பயிற்சி (வானில் எறியப்படும் தட்டுகளைச் சுடுவது) முடித்துச் சட்டையை விலக்கிக் காட்டினால், கன்றல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

தோளுக்கு வெளியே, மேல்கையின் தசையில் இருந்தால், துப்பாக்கியை அவர் தோள்குழியில் வைக்கவில்லை. வேட்டையில் மிக அதிகமாக நடப்பது இதுதான். நாய் நிற்கிறது, ஜூலு வழிகாட்டி கையால் சைகை காட்டுகிறார், பறவை எழும்புகிறது, மூச்சு நின்றுபோன அந்த நொடியில் துப்பாக்கியை அவசரமாக உயர்த்துகிறோம். கட்டையின் அடி ஜாக்கெட்டில் சிக்கி, குழிக்குள் வராமல் கையில் நின்றுவிடுகிறது. எலும்பும் தசையும் சேர்ந்து தாங்க வேண்டிய அடியை மெல்லிய தசை மட்டும் தாங்குகிறது.

காறை எலும்பின் மேல் இருந்தால், மிக உள்ளே அல்லது மிக மேலே வைத்திருக்கிறார். கன்னத்து எலும்பில் சிவந்திருந்தால், முகத்தைக் கட்டையில் பதிக்காமல் சற்றுத் தூக்கிவைத்துச் சுடுகிறார். இடைவெளி இருந்தால் கட்டை வேகம் எடுத்து வந்து மோதும், ஒட்டியிருந்தால் தள்ளும். மோதுவது வலிக்கும், தள்ளுவது வலிக்காது. இதே விதி தோளுக்கும். பயத்தில் துப்பாக்கியைத் தோளிலிருந்து ஒரு விரல் தள்ளிப் பிடிக்கிறவர்களுக்குத்தான் அதிக அடி விழும். நன்றாக இழுத்து அணைத்துப் பிடித்தால் உங்கள் உடம்பின் எடையும் துப்பாக்கியோடு சேர்ந்து உதையை வாங்கிக்கொள்ளும்.

நடுவிரலின் கணு அடிபட்டிருந்தால், டிரிகரைச் சுற்றியுள்ள வளையம் பின்னால் வந்து இடிக்கிறது. கை பிடியில் மிக முன்னால் இருக்கிறது, அல்லது கட்டை அவருக்குக் குட்டை. கட்டைவிரல் கணு மூக்கில் இடித்தாலும் இதே காரணம். முகத்தைக் கட்டையில் பதித்து நிற்கும்போது மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே இரண்டு, மூன்று விரல் இடம் இருக்க வேண்டும்.

கட்டையின் நீளத்தை அளக்கும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். டர்பனின் வெயிலில் மெல்லிய சட்டையோடு அளந்து பார்ப்போம். ஜூலையில் மலையில் கம்பளியும் அதன்மேல் தடித்த ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு சுடுவோம். அந்தத் துணிகள் கட்டையை ஒரு விரல்கிடை நீட்டிவிட்டதற்குச் சமம், அதனால்தான் அது அக்குளில் சிக்குகிறது. வேட்டைக்குப் போடும் உடுப்பிலேயே பொருத்தம் பாருங்கள். கட்டையின் அடிப்பகுதியில் கீழ்முனை மார்பில் குத்துகிறது என்று பெண்கள் அடிக்கடி சொல்வார்கள். அடிப்பகுதியின் சாய்வைக் கொஞ்சம் மாற்றிச் சீவினால் அது சரியாகும். துப்பாக்கி வேலை தெரிந்த தச்சருக்கு இது சின்ன வேலை. பெரும்பாலான துப்பாக்கிகள் நடுத்தர உயர ஆணை மனசில் வைத்துச் செய்யப்படுபவை. அக்காவும் தங்கையும் அதற்கு ஏற்ப உடம்பை வளைக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, மரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

நிற்பதும் தூக்குவதும்

வலக்கைக்காரர் என்றால் இடக்கால் முன்னே, உடம்பின் எடையில் பாதிக்கு மேல் முன்காலில், மூக்கு முன்கால் விரல்களுக்கு நேராக வரும் அளவுக்கு லேசான முன்சாய்வு. பின்னால் சாய்ந்து நிற்கிறவரை 24 கிராம்கூட ஒரு அடி தள்ளிவிடும். உடம்பு மரம்போல் விறைக்கக் கூடாது, இடுப்பிலிருந்து அசைந்து கொடுக்க வேண்டும்.

துப்பாக்கியைத் தூக்கும் வரிசை முக்கியம். முதலில் முன்கை குழலைப் பறவையை நோக்கித் தள்ளுகிறது. கட்டை கன்னத்துக்கு வருகிறது. கடைசியாகத் தோள் சற்று முன்னே வந்து கட்டையைச் சந்திக்கிறது. தலை அசையவே கூடாது, துப்பாக்கிதான் முகத்துக்கு வர வேண்டும். முதலில் தோளில் வைத்துவிட்டு அப்புறம் தலையைக் குனிகிறவர்களுக்குக் கன்ன அறை நிச்சயம்.

இதைப் பழக ஒரு தோட்டாகூடச் செலவழிக்க வேண்டியதில்லை. குழல்களைத் திறந்து காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். கண்ணாடிக்கு முன் நின்று மெதுவாக, தினமும் சில நிமிடம். கண்ணை மூடிக்கொண்டு தூக்கி, கண்ணைத் திறந்தால் குழலின் நேர்கோட்டில் பார்வை நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உங்கள் பழக்கமோ கட்டையின் அளவோ சரியில்லை. எடை குறைந்த துப்பாக்கிக்கு இந்தப் பயிற்சி இன்னும் அவசியம். அது சட்டென்று எழும்பும், அதே சட்டில் அசைவை நிறுத்திவிடவும் செய்யும். கனமான துப்பாக்கி தன் எடையாலேயே பறவையைத் தொடர்ந்து நகரும், இதை நாம்தான் நகர்த்த வேண்டும்.

பயம் ஒட்டிக்கொள்வது

கன்றல் ஒரு வாரத்தில் ஆறிவிடும். மனசில் ஒட்டுகிற பயம் அப்படிப் போகாது. அடி வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே சுருங்கும். கண் மூடிக்கொள்ளும், தோள் முன்னே துள்ளும், குழல் தாழும், ரவை பறவைக்குக் கீழே போகும். சுடுகிறவருக்கு இது நடப்பதே தெரியாது. "தோட்டாவில் பலம் பத்தவில்லை" என்று நினைத்து இன்னும் கனமான தோட்டா வாங்குவார். பயம் இன்னும் கூடும். இந்தச் சுழலில் விழுந்து வேட்டையையே விட்டவர்கள் இருக்கிறார்கள், அதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பயிற்சித் திடலில், அனுபவமுள்ள ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் சில நேரம் உண்மைத் தோட்டாவையும் சில நேரம் பயிற்சிக்கான போலித் தோட்டாவையும் போட்டுக் கொடுக்கட்டும். போலி வந்தபோது "டிக்" என்ற சத்தத்தோடு குழல்வாய் கீழே குத்தினால், பயம் ஒட்டிவிட்டது.

இதில் பாதிப் பங்கு சத்தத்துக்கு. 12 போர் வெடி 150 டெசிபலுக்கு மேல் போகும், ஒரே வெடி காதுக்குக் கேடு செய்யும் அளவு. உடம்பு சத்தத்தையும் உதையையும் பிரித்துப் பார்ப்பதில்லை, இரண்டையும் ஒரே அடியாகவே நினைவில் வைக்கிறது. காதுக்குள் நுரைப்பஞ்சு அடைப்பான், அதன்மேல் மூடி என்று இரண்டும் போட்டுக்கொண்டு சுட்டால் "உதைப்பே குறைஞ்ச மாதிரி இருக்கு" என்று புதியவர்கள் சொல்வது உண்மையான உணர்வு. வேட்டைக் களத்தில் மின்னணு காதுமூடி நல்லது. கூட வருகிறவர் குரலும் பறவை எழும்பும் சத்தமும் கேட்கும், வெடியை மட்டும் அடக்கும்.

ஒட்டிய பயத்தை எடுக்க வேண்டுமானால் 21 அல்லது 24 கிராம் தோட்டாவுக்கு இறங்கி வாருங்கள். ஒலிம்பிக் வீரர்கள் தட்டு உடைப்பது 24 கிராமில்தான், ஆகவே அது குழந்தை விளையாட்டு என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு நாளில் ஒரு பெட்டி, அதாவது 25 தோட்டாவோடு நிறுத்துங்கள். வலிக்கத் தொடங்கிய பிறகு சுடும் ஒவ்வொரு தோட்டாவும் கெட்ட பழக்கத்தைத்தான் கற்றுக்கொடுக்கும். புரட்டாசியில் நம் வீடுகளில் கறி ஏறாது, வேட்டைத் துப்பாக்கியும் அலமாரிக்குள் போய்விடும். அந்த மாதத்தைத் தட்டுப் பயிற்சிக்கு ஒதுக்குகிறவர்களை எனக்குத் தெரியும், நல்ல வழக்கம்.

பயிற்சிக்கு மட்டும் வேறு சில உதவிகளும் உண்டு. கட்டையின் உள்ளே குடைந்த இடத்தில் 150, 200 கிராம் எடையைச் செருகிச் சுடலாம், வேட்டைக்குப் போகும்போது எடுத்துவிடலாம். தோளில் மெத்தை தைத்த வெஸ்ட் அணியலாம். கட்டையின் மேல் மாட்டும் ரப்பர் உறையும் கிடைக்கும், ஆனால் அது கட்டையை நீட்டிவிடும் என்பதால் குட்டைக் கை உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. குழலில் துளை போடுவது, உள்விட்டத்தை அகலப்படுத்துவது பற்றியெல்லாம் கடைக்காரர்கள் நிறையப் பேசுவார்கள். எகிறல் கொஞ்சம் குறையலாம். 4 கிராம் ரவையைக் குறைப்பதற்கு முன் அவை ஒன்றுமே இல்லை.

தோள் அறுவை சிகிச்சை ஆனவர்கள், சுடும் பக்கத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

வாங்கும் முன்

பலருக்குத் தெரியாத ஒரு வசதி நம் சட்டத்தில் இருக்கிறது. உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை செய்தால், அவருடைய துப்பாக்கியைச் சட்டப்படியான நோக்கத்துக்காகப் பாதுகாப்பான இடத்தில் இன்னொருவர் சுட்டுப் பார்க்கலாம். 22ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. எனவே பயிற்சி முடித்துத் தகுதிச் சான்றிதழுக்கும் உரிமத்துக்கும் போலீஸ் நிலையத்துக்கு அலைவதற்கு முன்பே, பயிற்சித் திடலில் மாமாவின் 2.7 கிலோவையும் அவருடைய நண்பரின் 3.3 கிலோவையும் ஒரே 24 கிராம் தோட்டாவால் அடுத்தடுத்துச் சுட்டுப் பாருங்கள். கடையில் தூக்கிப் பார்த்ததில் தெரியாதது அங்கே ஐந்து வெடியில் தெரிந்துவிடும்.

தட்டுப் பயிற்சியே அதிகம், வேட்டை வருஷத்தில் ஓரிரு முறை என்றால் 3.2 கிலோவுக்கு மேல் உள்ளதை எடுங்கள். மலைநடைதான் உயிர் என்றால் 2.7 கிலோவை எடுங்கள், ஆனால் 28 கிராமைத் தாண்டாதீர்கள். அறையின், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தின், நீளத்தையும் பாருங்கள். 76 மி.மீ. அறை உள்ள எடை குறைந்த துப்பாக்கிகள் நிறைய வருகின்றன. அறை நீளமாக இருக்கிறது என்பதற்காக அதை நிரப்பும் 76 மி.மீ. மாக்னம் தோட்டாவைப் போட்டே ஆக வேண்டும் என்றில்லை. அதில் 70 மி.மீ. தோட்டா பாதுகாப்பாகச் சுடலாம். 70 மி.மீ. அறையில் 76 மி.மீ. தோட்டாவை மட்டும் ஒருபோதும் போடக் கூடாது. உள்ளே நுழையும், ஆனால் வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறிவிடும்.

டெடிகேட்டட் தகுதி இல்லாதவர் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஆகவே வாங்கும்போது பங்கு பிரித்து வாங்குங்கள். 12 போரில் பயிற்சிக்கு 24 கிராம் 7½ஆம் எண் ஆறு பெட்டி, கௌதாரிக்கு 28 கிராம் 7ஆம் எண் ஒரு பெட்டி, கினிக்கோழிக்கு 28 கிராம் 6ஆம் எண் ஒரு பெட்டி. ஒரு பருவத்தைத் தொடங்க இது தாராளம்.

வீட்டில் 12 போரும் 20 போரும் இரண்டும் இருந்தால், இரண்டு தோட்டாவையும் ஒரே பையில், ஒரே ஜாக்கெட் பாக்கெட்டில் போடவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் அறைக்குள் வழுக்கிப் போய்க் குழலில் நின்றுகொள்ளும். திறந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்து முன்கை போய்விடும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். வேட்டைக்குக் கிளம்பும் காலையில் ஜாக்கெட் பாக்கெட்டுகளைக் கவிழ்த்துக் கொட்டி, போன வாரத்து மஞ்சள் தோட்டா ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியில் ஏறுங்கள்.